தீவுக்காரன் ஈட்டியும் என் சுண்டுவிரலும்

பொழுது சாய்வதற்குள் செத்துவிடுவேன் என்று ஒருநாள் முழுமனதாக நம்பினேன். அதைவிட வெட்கக்கேடு, அது கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. செத்தவனை மறுநாள் பெட்டி தூக்கச் சொல்ல மாட்டார்களே.

அப்போது எனக்குத் துறைமுகக் கிடங்கில் வேலை. கப்பலில் அடிபட்டு வரும் பெட்டிகளைப் பிரித்து, வைக்கோல் மாற்றி, திரும்ப ஆணி அடிக்க வேண்டும். பத்து வருடமாக அதே சுத்தியல், அதே முதுகுவலி. அன்று வந்த நீளப் பெட்டி ஏதோ மியூசியத்துக்குப் போவது. மெலனேசியத் தீவுகளில் ஒரு துரை சேர்த்த ஆயுதங்களாம். கனத்த மரத் தடிகள், வில், நாணல் அம்புகள், ஈட்டிகள். மருந்துக்கும் இரும்பு இல்லை. எல்லாம் மரம், நார், எலும்பு. ஓர் ஈட்டியின் முனையில் ரம்பப் பல் வைத்த முள்ளொன்றை நாரால் கட்டியிருந்தார்கள். வைக்கோலைத் துழாவும்போது அது என் சுண்டுவிரலில் ஏறி, நுனி உள்ளேயே முறிந்தது.

கிடங்கு ரைட்டர் பெட்டியிலிருந்த இங்கிலீஷ் காகிதத்தைப் படித்தார்.

"விஷம்னு போட்டுக்கீது மாமு. வூட்டுக்குப் போயி எல்லாரையும் ஒருவாட்டி பாத்துக்கோ."

மணிக்கட்டில் சணலை இறுக்கிக் கட்டிக்கொண்டு, உச்சிவெயிலில் ராயபுரத்துக்கு நடந்தேன். ஓடினால் விஷம் சீக்கிரம் ஏறும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் ஓடத் தெம்பில்லை. மீன் விற்றுத் திரும்பிய என் மனைவி வாசலில் கூடை கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான் போறேன். மன்னிச்சிடு. உங்கண்ணன் தேடிக்கினு இருந்த குடை என்கிட்டதான் கீது. பரண்மேல."

"இன்னாயா ஒளறுறே? கையைக் காட்டு."

விரலைப் பிதுக்கி நுனியை எடுத்தாள். வெயிலில் தூக்கிப் பார்த்தாள், மோந்தும் பார்த்தாள்.

"திருக்கை வால் முள்ளுயா இது! பச்சையா குத்தியிருந்தா துடிச்சிருப்பே. இது காஞ்சு கட்டையா கீது. போன வாரம் ரெண்டு தட்டு திருக்கைப் புட்டு துன்னியே, அப்ப சாவலியா?"

நானும் கடலோரத்தில் பிறந்தவன்தான். வலையில் திருக்கை விழுந்தால் முதலில் வால் முள்ளை வெட்டி எறிவதைப் பார்த்தே வளர்ந்தவன். அதே முள் காகிதத்தோடு கப்பலேறி வந்ததும் எனக்கு அடையாளம் தெரியாமல் போயிற்று.

பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்து, என் விரலை அதில் அமுக்கினாள். பிறகு ஏணியைப் பரணில் சாத்தினாள்.

விரல் இரண்டு நாள் வீங்கி வடிந்தது. மூன்றாம் நாள், குடையில்லாமல், வேலைக்குப் போனேன்.