அம்மா கேட்டதற்கு அக்கா சொன்ன பதில்

மறைந்தவர் யாரையும் கடிந்து ஒரு சொல் பேசாதவர் என்று நினைவு மலரில் எழுதுவது நம் பக்கத்து வழக்கம். எங்கள் அக்காவைப் பற்றி அப்படி எழுதினால், இதைக் கையில் வாங்கும் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். அவரிடம் வசவு வாங்காதவர் நம் குடும்பத்தில் யார் இருக்கிறார்? போலீஸ் உத்தியோகம் பார்க்கும் நானே அவர் குரல் கேட்டால் எழுந்து நின்றுவிடுவேன். அக்கா போய் ஓராண்டு முடிகிற இந்த நாளில், ஒரே தம்பி என்ற உரிமையில் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், தேரடிக்குப் பின்னால் உள்ள சந்தில். அப்பா எங்கள் சிறு வயதிலேயே தவறிவிட்டார். பிறகு எங்களுக்குச் சோறு போட்டது அம்மாவின் கைதான். பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்க் கைக்குழந்தைகளைக் குளிப்பாட்டுவதில் அம்மாவுக்கு ஊரில் பெரிய பெயர். காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் கால்மேல் போட்டு, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி காட்டித் துணியில் சுற்றிக் கொடுத்தால் அது அசந்து தூங்கிப்போகும். ராசியான கை என்று சொல்லி அரிசியும் பருப்பும் சேலையும் கொடுப்பார்கள். அந்தக் கையின் உழைப்பில்தான் அக்கா மதுரைக்குப் போய் டாக்டருக்குப் படித்தார்.

அத்தானுக்கு ராஜபாளையத்தில் பஞ்சாலை வேலை. அதனால் அக்காவும் அந்த ஊரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில், குழந்தைகள் பிரிவில் சேர்ந்தார். எண்பதுகளின் நடுவில், குழந்தைகளுக்கு வரும் நெஞ்சுச் சளி, மூச்சுத் திணறல் பற்றிய ஆராய்ச்சி ஒன்று அங்கே நடந்தது. ஏன் வருகிறது, வராமல் எப்படித் தடுக்கலாம் என்பதுதான் கேள்வி. அக்காவுக்கு அது பித்தாகவே பிடித்துக்கொண்டது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருப்பார். எதிரில் யார் மடியிலாவது குழந்தை இருந்தால், அதன் வயிறு ஏறி இறங்குவதைக் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ண ஆரம்பித்துவிடுவார். இலையில் சாம்பார் ஆறிப்போகும்.

ஆராய்ச்சிக்காரர்கள் சுற்றுப்பட்ட ஊர்களுக்குப் போய், அடுப்புப் புகையில் பிள்ளையை வைக்காதே, தாய்ப்பாலை நிறுத்தாதே, ஊசியைத் தவறவிடாதே என்று சொல்லிச் சொல்லிப் பல வீடுகளில் பலன் தெரிந்தது. ஆனால் சில குழந்தைகள் மட்டும் மருந்து கொடுத்தால் தேறி வீட்டுக்குப் போவதும், அதே இருமலோடு திரும்பி வருவதுமாக இருந்தன. வீட்டில் குழந்தைக்கு வாயிலோ மூக்கிலோ ஏதாவது ஊற்றுவீர்களா என்று ஒவ்வொரு தாயிடமும் கேட்டார்கள். இல்லை என்றே எல்லோரும் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. பிள்ளை பெற்றவளுக்குக் காற்றுப் படக்கூடாது என்று அவளை உள்ளறையை விட்டு வெளியே விடுவதில்லை. குழந்தையைக் குளிப்பாட்டுவது கொல்லையில், வேறொருத்தி. கேள்வியைக் கேட்டதே தப்பான ஆளிடம். குளிப்பாட்டுகிறவள் வீட்டில் வளர்ந்த அக்காவுக்கே அது தோன்றவில்லை.

அந்தச் சமயத்தில் என் மகள் கைக்குழந்தை. திரும்பத் திரும்ப இருமல். நெஞ்சுக்குள் பூனை உறுமுவது போல ஒரு சத்தம். எனக்கும் என் மனைவிக்கும் சோறு இறங்கவில்லை. பார்த்துப்போக ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு அக்கா வந்தார். கொல்லையில் அம்மா என் மகளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். சளி வெளியே வரட்டும் என்று, கிண்ணத்து எண்ணெயில் விரலை முக்கி மூக்கில் சொட்டுச் சொட்டாக விட்டார். குழந்தை இருமி, முகம் சிவந்து, மூச்சுக்குத் தவித்தது. அக்கா சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சிதான். அன்றைக்குத்தான் அது உறைத்து, ஓடிப்போய்க் குழந்தையை ஈரத்தோடு வாரித் தூக்கிவிட்டார்.

"ஏட்டி, என்னட்டி இது! இன்னும் சாம்பிராணி போடலை!" என்று அம்மா கத்தினார்.

அக்கா குழந்தையின் முதுகில் காதை வைத்துக் கேட்டார். துண்டில் சுற்றிக்கொண்டு நேரே பஸ் ஏறி ராஜபாளையம் போய், நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார். சாயங்காலம் திரும்பி வந்து அம்மாவை உட்கார வைத்துச் சொன்னார்.

"மூக்குல விடுற எண்ணெய் மூக்கோட நிக்காதும்மா. நுரையீரலுக்குள்ள போயிருது. உள்ள போன எண்ணெய் லேசுல வெளிய வராது. மருந்தும் கேக்காது. இனிமே யாருக்கும் விடாதம்மா."

அம்மா கேட்டார்: "உனக்கும் தம்பிக்கும் நடுவுல ஒண்ணு பொறந்துச்சே, அதும் மூச்சு இழுத்துத்தானே போச்சு. அதுக்கும் நாந்தானே ஊத்துனேன். அதும் இதனாலயாட்டி?"

அப்படி ஒரு பெண் பிறந்து சில மாதம் இருந்து போனதை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசியதே கிடையாது. இல்லை என்று சொல்லிவிடு அக்கா, ஒரே ஒரு சொல்தானே, சொல்லிவிடு என்று நான் மனதுக்குள் மன்றாடினேன்.

அக்கா சொன்னார்: "இருக்கலாம்மா. இல்லாமயும் இருக்கலாம். அப்பம் யாரும் படம் எடுத்துப் பாக்கலை. எனக்குத் தெரியலை. ஆனா இல்லவே இல்லன்னு என்னால சொல்ல முடியாது."

எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பின்னாலேயே போய், "நீயெல்லாம் ஒரு மனுசியா? பெத்தவகிட்ட இப்படியா சொல்லுவாக?" என்று சண்டை போட்டேன். அக்காவின் கண்ணீர் நிற்கவே இல்லை. ஆனால் குரல் இறங்கவில்லை.

"ஏலே, இல்லன்னு நான் சொல்லிட்டா, அம்மா நாளைக்கே அந்தக் கிண்ணத்தை எடுத்துருவா. பொறவு உன் பிள்ளைக்கு யாருலே பதில் சொல்றது?"

அம்மா அதன் பிறகு யார் வீட்டுக்கும் குளிப்பாட்டப் போகவில்லை. கூப்பிட்டு வந்தவர்களிடம் இடுப்பு வலி என்று சொல்லி அனுப்பினார். அக்கா ஞாயிறுதோறும் வருவார். அம்மா சோறு போடுவார். பேச்சு மட்டும் கிடையாது. என் மகளுக்கு எண்ணெயை நிறுத்திய பிறகு மெல்ல மெல்ல நெஞ்சு தெளிந்தது. ஒரு நாள் அவள் இருமாமல் விடிய விடியத் தூங்கி எழுந்ததை அம்மா பக்கத்தில் இருந்து பார்த்தார். அன்றைக்கே தனியாக பஸ் ஏறி ராஜபாளையம் போய் அக்கா வீட்டு வாசலில் நின்றார்.

"இன்னைக்கு எந்த ஊருட்டி? நானும் வாரேன்" என்றாராம்.

அன்றைக்குத் தேவதானம். அதன் பிறகு தளவாய்புரம், இன்னும் எத்தனையோ ஊர்கள். ஆராய்ச்சிக்காரர்கள் தாய்மாரை விட்டுவிட்டு, காலை வேளையில் கொல்லைக்கே போய்க் குளிப்பாட்டுகிறவர்களிடம் கேட்க ஆரம்பித்தார்கள். டாக்டர் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பெண்கள், அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "நானும் ஊத்துனவதான் தாயி. உச்சியில எம்புட்டு வேணும்னாலும் வையி. மூக்குப் பக்கம் மட்டும் போகாத" என்றால் கேட்டுக்கொண்டார்கள். ஆராய்ச்சி முடிந்து இங்கிலீஷ் புத்தகம் ஒன்றில் அச்சானது. பல பெயர்களுக்கு நடுவில் அக்கா பெயரும் இருந்தது. எங்களால் படிக்க முடியாவிட்டால் என்ன, அந்தப் பக்கத்தில் குங்குமம் வைத்து அம்மா சாமி அறையில் வைத்தார்.

அக்காவைச் சர்க்கரை நோய் பிடித்து, சிறுநீரகத்தில் வந்து நின்றது. கடைசி மாதங்களில் படுக்கையில் இருந்தபடியே நர்சுகளை அதட்டிக்கொண்டிருந்தார். ஐயோ, அந்த அதட்டல் இன்னும் ஒரே ஒரு தடவை கேட்காதா என்று இருக்கிறது.

அக்காவை அருகிருந்து கவனித்த மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும், ஒரு நாளும் முகம் சுளிக்காத அத்தானுக்கும், தங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துவிட்ட ஊர்ப் பெண்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். போய்விட்ட அந்தப் பெண் குழந்தையைப் பற்றிய வரிகளை மட்டும் எடுத்துவிடட்டுமா, பத்துப் பேர் படிப்பார்களே என்று கேட்டேன்.

"எடுக்காதலே" என்றார் அம்மா. "உங்கக்கா இருந்தா எடுக்க விட்டிருக்க மாட்டா."