சுவரில் ஒட்டிய கண்ணாடித் துண்டு

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பக்கத்தில் இருப்பவரின் கையிலுள்ள காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். பலெர்மோ பஸ்ஸில் அடுத்தவரின் பேப்பரையும் மருந்துச் சீட்டையும் எட்டிப் பார்த்துத்தான் பாதி இத்தாலியன் படித்தேன். அக்கா இதற்காகப் பலமுறை என் காலை மிதித்திருக்கிறாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அக்காவோடும் அத்தானோடும் பலெர்மோவின் சீசா என்ற பகுதியில் மூன்றாம் மாடி வீடொன்றில் இருந்தேன். செவ்வாயும் வெள்ளியும் ரயிலேறி பக்கத்து ஊரான பகேரியாவுக்குப் போய், சிஞ்ஞோரா என்று நாங்கள் கூப்பிடுகிற முதலாளியம்மா ஒருவரின் பழைய மாளிகையைக் கூட்டித் துடைப்பேன். வீட்டுக்கு வயது நூற்றுக்கணக்கில் இருக்கும். பெரிய மண்டபத்துச் சுவர்களில் நீள நீளமாக வெடிப்புகள். ஐப்பசியில் ஒருநாள் போனபோது அந்த வெடிப்புகளுக்குக் குறுக்கே, விரல் நீளத்தில் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளைச் சாந்து வைத்து ஒட்டியிருந்தார்கள். பல்கலைக்கழகத்து ஆட்கள் வந்து போனார்கள், ஏணியை நகர்த்தாதே என்றார் சிஞ்ஞோரா. அதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. நானும் அவற்றைச் செவ்வாய்க்குச் செவ்வாய் ஈரத்துணியால் பளிச்சென்று துடைத்து வைத்தேன்.

மார்கழி எட்டாந் திகதி வருகிற அமலோற்பவ மாதா திருநாளுக்கு முந்தின வெள்ளி, மண்டபத்து வளைவின் கீழே என் தலை உயரத்தில் ஒட்டியிருந்த துண்டு இரண்டாக உடைந்திருந்தது. திருநாளுக்கு விருந்தாளிகள் வரவிருந்தார்கள். உடைந்த கண்ணாடி வீட்டில் இருக்கக்கூடாது என்பது நாங்கள் பிறந்த நாளிலிருந்து கேட்ட விஷயம். அதற்கும் மேலே, வீட்டு வேலை செய்கிற எங்கள் ஆட்களிடம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. உடைந்ததைச் சிஞ்ஞோரா காண முதல் அப்புறப்படுத்திவிடு, யார் உடைத்தது என்ற கேள்வியே வரக்கூடாது. இரண்டு பாதியையும் பிடுங்கி, சாந்தைக் கத்தியால் சுரண்டி, சுவரைத் துடைத்து, எல்லாவற்றையும் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டேன். அன்று எனக்கு என் வேலையில் பெருமைதான்.

தை மாதத்து முதல் வெள்ளியில் அவளைக் கண்டேன். அமெரிக்காவிலிருந்து வந்த பொறியியல் மாணவி என்று சிஞ்ஞோரா சொன்னதும் மஞ்சள் தலைமயிரோடு ஒருத்தி வருவாள் என்று நினைத்திருந்தேன். வந்தவள் கறுப்பினப் பெண். என் வயதுதான் இருக்கும், முப்பதுக்குக் கொஞ்சம் குறைவு. வளைவின் கீழே வெறும் சுவரைப் பார்த்தபடி நின்றாள். பிறகு முழங்காலில் இருந்து நிலத்தைத் தடவித் தேடினாள். மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பாளாம், மார்கழியில் காய்ச்சலில் படுத்துவிட்டாளாம். என்ன தேடுகிறாய் என்று கேட்காமல் இருக்க என்னால் முடியுமா?

நாங்கள் கதைத்தது பாதி இத்தாலியன், பாதி ஆங்கிலம். எனக்குள் அது எங்கள் தமிழாகத்தான் பதிந்திருக்கிறது. சுவர் இன்னும் அசைகிறதா, இல்லை எப்போதோ வெடித்து அப்படியே நின்றுவிட்டதா என்று அறியத்தான் இந்தக் கண்ணாடி என்றாள். கண்ணாடி வளையாது. சுவர் ஒரு மயிரளவு அசைந்தாலும் உடைந்துவிடும். உடைந்தால் அதுதான் செய்தி. அவளுடைய கலாநிதிப் பட்ட ஆராய்ச்சியே அந்த வளைவில்தான் நிற்கிறது.

அந்தச் செய்தியைத்தான் நான் குப்பையில் போட்டிருந்தேன். அவளோ தன் கையைத்தான் நொந்துகொண்டாள். சாந்தைச் சரியாகக் குழைக்கவில்லை, அதுதான் விழுந்துவிட்டது என்றாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லாமல் அவளுக்குக் கோப்பி போட்டுக் கொடுத்தேன்.

அதன்பிறகு அவள் வெள்ளிகளில் அடிக்கடி வந்தாள். புதிதாக ஒட்டிய துண்டு உடையவே இல்லை. அவளுடைய கோப்பில் பல்கலைக்கழக முத்திரை போட்ட காகிதம் ஒன்று இருந்தது. அதையும் எட்டிப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டு கையிலேயே தந்துவிட்டாள். பொறியியலில் கலாநிதிப் படிப்புக்கான புலமைப்பரிசில். கறுப்பினத்தவருக்கும் அமெரிக்க மண்ணின் பூர்வகுடிகளுக்கும் மட்டும். அந்தத் துறையில் அவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்களாம். அவளுடைய பீடத்தில் அவள் ஒருத்திதான். அவளோடு சேர்த்துத் தெரிவானவர்களில் ஒரு பூர்வகுடிப் பெண், தன் ஆட்களின் ஊர்களுக்குக் குடிதண்ணீர்க் குழாய் போடுவதைப் பற்றிப் படிக்கிறாளாம்.

வாசித்து முடிக்கையில் எனக்குள் பழைய கோபம் ஒன்று எழும்பிவிட்டது. நான் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. பொறியியல் பீடத்துக்குப் போவேன் என்று பள்ளிக்கூடமே நம்பியிருந்தது. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்தில் எங்கள் சின்னத் தீவில் ஒழுங்கான பஸ் கிடையாது. ஆனாலும் நாங்கள் யாழ்ப்பாண மாவட்டம்; பல்கலைக்கழகத்துக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு வெட்டுப்புள்ளி வைக்கிற இலங்கையில் எங்களுக்கு அது உயரம். விண்ணப்பத்தின் ஒரு சின்னக் கட்டத்தில் எழுதிய மாவட்டப் பெயர் என்னை வெளியே நிறுத்தியது. இஞ்சே ஒருத்தியை அதே மாதிரிக் கட்டம் உள்ளே கூப்பிடுகிறதே என்று வாய் சும்மா இருக்கவில்லை.

“அப்ப உமக்கு மாக்ஸ் இல்லாமலே கிடைச்சதோ?” என்று கேட்டுவிட்டேன்.

அவள் கோப்பை மெதுவாக மூடினாள்.

“மாக்ஸ் இல்லாத ஒருத்தரையும் அங்கை எடுக்கிறேல்லை. ஆனா நீர் கேட்ட இதே கேள்வியை நான் நடந்துபோற ஒவ்வொரு வாசலிலயும் கேக்கினம். அதாலதான் எல்லாத்தையும் ரெண்டு தரம் அளக்கிறன்.”

ஈஸ்டருக்கு முன் ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும் என்றாள். அதைப் பார்த்துத்தான் அடுத்த வருடப் புலமைப்பரிசில். வளைவு அசைகிறது என்று காட்ட ஒன்றும் கையில் இல்லை. கண்ணாடி விழுந்ததற்கு உன் ஒட்டுவேலைதான் காரணம் என்று அவளுடைய பேராசிரியர் பேக்ஸில் எழுதியிருந்தார். புலமைப்பரிசில் நின்றுவிட்டால் அவளும் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். அவளுக்குப் பிறகு வரப்போகிறவளையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள் என்று அவள் சொன்னபோது என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டில் சொன்னேன். அக்கா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அந்த மாதம்தான் என் பெர்மெசோவை, இத்தாலியில் தங்குவதற்கான அனுமதியை, புதுப்பிக்கிற மாதம். வேலைக் கடிதத்தில் சிஞ்ஞோரா கையெழுத்து வைக்க வேண்டும். நான் சொன்னால் அறிக்கையில் வரும், அறிக்கையின் பிரதி சிஞ்ஞோராவுக்கும் போகும்.

“நீ வாயைத் திறக்காதை. ஆருக்கும் தெரியாது தானே,” என்றாள் அக்கா.

அத்தான் மன்னார்க்காரர், அதிகம் கதைக்கமாட்டார். அன்று தட்டைப் பார்த்தபடியே தன் கதை ஒன்றைச் சொன்னார். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்குக் கணித வாத்தியாரே இருக்கவில்லையாம். அவருடைய மச்சான் ஒருவர் எங்களைவிடக் குறைந்த புள்ளியில் மாவட்டக் கோட்டாவில் போய்ப் பொறியியலாளர் ஆனவராம். ஊரில் முதல் ஆள். நான் இத்தனை வருடம் சபித்த அதே கட்டம்தான் அவரை உள்ளே விட்டிருக்கிறது! அநியாயம் எனக்கு நடந்தது உண்மை. மன்னாரில் வாத்தியார் இல்லாததும் உண்மை. இரண்டையும் ஒரே தலைக்குள் எப்படி வைப்பது என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வெள்ளி வளைவுக்குக் கீழே வைத்தே அவளிடம் சொல்லிவிட்டேன். உடைத்தது நான் இல்லை, உடைந்ததை எடுத்து எறிந்தது நான்தான், குழைத்த சாந்தில் ஒரு பிழையும் இல்லை. கத்துவாள் என்று நினைத்தேன். அவள் முகம் ஒரு கணம் இறுகியது. பிறகு கண்கள் பெரிதாகின.

“எந்த நாள் எடுத்தனீர்?”

திருநாளுக்கு முந்தின வெள்ளி என்றேன். செவ்வாயன்று துடைக்கையில் முழுதாக இருந்தது என்றேன். மாதத்துக்கு ஒருமுறை வருகிற அவளுக்கு இவ்வளவு கிட்டத்தில் ஒருநாளும் நாள் கிடைத்திருக்காது. எப்படி உடைந்திருந்தது என்று கேட்டாள். பென்சிலை வாங்கி வரைந்து காட்டினேன். நடுவில் நேராக உடைந்து, இடது பாதி வலது பாதியைவிட ஒரு நகத்தின் தடிப்பு கீழே இறங்கியிருந்தது. அவள் நான் வரைந்ததைப் பார்த்தபடி நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கண்டவர் என்று என் பெயரைப் போட்டு, நான் கையெழுத்து வைத்து, அறிக்கை போனது. தொழில் என்ற இடத்தில் வீட்டுப் பணிப்பெண் என்றே எழுதச் சொன்னேன். சிஞ்ஞோரா தன் பிரதியை வாசித்துவிட்டு மூன்று வேலை நாட்கள் என்னோடு கதைக்கவில்லை. நான்காம் நாள், இதுவரை வேறு என்னென்ன எறிந்தாய் என்று கேட்டார். ஒரு கோப்பைத் தட்டையும் பூச்சாடி ஒன்றையும் ஒத்துக்கொண்டேன். கடிதத்தில் கையெழுத்து வைத்துத் தந்தார்.

அமெரிக்காவிலிருந்து பதில் அவ்வளவு லேசாக வரவில்லை. ஒரு பணிப்பெண்ணின் ஞாபகத்தை அளவீடாக எடுக்க முடியுமா என்று பேராசிரியர் கேட்டிருந்தார். அந்தப் பெண்ணோடு தானே கதைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்.

அதனால் ஒரு பின்னேரம் வியா மக்வேதா என்ற தெருவுக்குப் பக்கத்தில், எங்கள் ஆட்கள் ஊருக்குப் போன் கோல் எடுக்கிற கடையில், ஒரு மரக்கூண்டுக்குள் நானும் அவளும் நெருக்கிக்கொண்டு நின்றோம். குவெஸ்தூராவில் பொலிஸ் விசாரிக்கிற மாதிரித்தான் பேராசிரியர் விசாரித்தார். நாளைக் கேட்டார், சொன்னேன். எந்தப் பாதி இறங்கியது என்று கேட்டார், சொன்னேன். இடது பக்கம் இறங்காமல் வலது பக்கம் எழும்பியிருக்கலாமே, அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

நல்ல கேள்வி. எனக்கே சந்தோசமாக இருந்தது. சுவரும் நிலமும் சேர்கிற இடத்தில் நான் ஒவ்வொரு கிழமையும் கத்தி முனையால் தூசி எடுக்கிறவள். வலது பக்கத்தில் கத்தி எப்போதும் போலத்தான் போனது. இடது பக்கத்தில் மட்டும் கார்த்திகை பிறந்ததிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகப் போனது. அதைச் சொன்னேன்.

பிறகு, எங்கே பொறியியல் படித்தாய் என்றார்.

“படிக்கேல்லை. எனக்கு இடம் கிடைக்கேல்லை.”

“ஏன்?”

இடம் கிடைக்காத அன்று வீட்டில் அழுதார்கள், ஊரில் இரக்கப்பட்டார்கள், மாமாமார் அரசாங்கத்தைத் திட்டினார்கள். உனக்கு ஏன் கிடைக்கவில்லை என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பதிலுக்காகக் காத்து நின்ற ஒருவரும் இல்லை. நான் சொல்லத் தொடங்கினேன். மாவட்டத்தைச் சொன்னேன், தீவைச் சொன்னேன், அத்தானின் பள்ளிக்கூடத்தைச் சொன்னேன். என் ஆங்கிலம் எங்கெங்கோ முட்டிக்கொண்டு போனது. அவர் குறுக்கே ஒன்றும் பேசவில்லை. கடைசியில், அளவை ஏற்றுக்கொள்கிறேன், போனை மாணவியிடம் கொடு என்றார்.

அவளுக்கு அடுத்த வருடமும் புலமைப்பரிசில் கிடைத்தது. அன்று போனை வைத்ததும் கூண்டுக்குள் அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். நான் அழுதது வேறு காரணத்துக்கு. அவளுடைய புலமைப்பரிசிலை நான் சலுகை என்று நினைத்து ஏளனம் செய்திருந்தேன். இந்தப் படிப்பில் இவர்கள் ஏன் இல்லை என்று எங்கோ ஒருவர் கேட்டு, பதில் வரும்வரை இருந்து கேட்டதால்தான் அப்படி ஒரு காகிதமே உண்டாகியிருக்கிறது. அந்தக் கேள்வி எனக்கும் வந்தது. பத்து வருடம் பிந்தி வந்தது.