தலைதட்டாத கப்

நடு அமுங்கிய கேக்கைக் கண்டால் சம்சாத் பேகத்துக்குக் குமட்டும். அழுகிய மீனைக் கண்டவர்போல முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். மாமல்லபுரத்தில் அவர் வீட்டுச் சமையலறையில் பதினோராண்டுகளாக எலெக்ட்ரானிக் தராசு வைத்ததுதான் சட்டம். முட்டையைக்கூட உடைத்து, எடைபோட்ட பிறகே மாவில் ஊற்றுவார். ‘ஒரு கை சர்க்கரை’ என்று எவராவது சொல்லிவிட்டால், அன்று முழுவதும் அவரோடு பேசப் பிடிக்காது.

அப்படிப்பட்டவர் கப்புக்கு இறங்கி வந்தது ஓர் ஆர்டருக்காக. கடற்கரை விடுதி ஒன்று வெள்ளிதோறும் நாற்பது கேக் கேட்டது. ஒரே ஓவனில் ஆகிற காரியமில்லை. அவரவர் வீட்டு ஓவனில் செய்துதரப் பக்கத்துத் தெருப் பெண்கள் நால்வரைச் சேர்த்துக்கொண்டார். அவர்களிடம் தராசு கிடையாது. எல்லாருக்கும் ஒரே அளவுள்ள பிளாஸ்டிக் கப் வாங்கிக் கொடுத்து, கிராமையெல்லாம் கப்பாக மாற்றி அட்டை எழுதினார். மைதா ஒரு கப் நூற்றறுபது கிராம். முந்நூற்றிருபது கிராமுக்கு இரண்டு கப். அடியில் சிவப்பு மையால், ‘தலைதட்டி அளக்கவும்’ என்று கோடிட்டார்.

செவ்வாய்க்கிழமை மாதிரி கேக்குகள் வந்தன. நான்கும் நடுவில் குழிந்து, எண்ணெய் கசிந்து, விரல் வைத்தால் பிசுபிசுத்தன. மறுநாள் காலை விடுதியின் தலைமைச் சமையல்காரர் தாவீது ருசி பார்க்க வருகிறார். எல்லாம் ஒரே சீராக இல்லாவிட்டால் ஆர்டர் கைவிட்டுப் போகும்.

முதல் மூவரையும் வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பினார். கடைசியாக நின்றவள் கவியா. அவள் கேக்தான் நால்வரிலும் மோசம்.

“அட்டையில கீற மாதிரிதாங்க்கா போட்டேன். கத்தியால வழிச்சித்தான் அளந்தேன்.”

“அளந்தா இப்டி சேறாட்டம் வருமா? நாய்கூட மோந்துட்டுப் போயிடும். செல்லு பாத்துகினு அளந்தியா?”

நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கவியா அழவில்லை, தன் கப்பை மேசைமேல் வைத்தாள்.

“நீங்க ஒரு தபா அளந்து காட்டுங்க. பாத்துட்டுப் போறேன்.”

சம்சாத் பேகம் வெடுக்கென்று மாவு டின்னில் கப்பை விட்டு அள்ளினார். தராசில் வைத்துக் கப்பின் எடையைக் கழித்தார். நூற்றறுபது.

“பாத்தியா? இன்னா சொல்ற இப்போ?”

“நீங்க தலைதட்டவே இல்லியேக்கா.”

அவர் குனிந்து பார்த்தார். விளிம்புக்கு மேல் மாவு குவிந்து நின்றது. அவர் பிறந்த வீட்டில் அரிசியானாலும் மாவானாலும் தலைதட்ட மாட்டார்கள். தட்டினால் பரக்கத், வீட்டில் பெருகும் வளம், போய்விடுமாம். நோன்புக் கஞ்சிக்குக் குவித்துக் குவித்து அளந்த கை அது. தராசுக்கு வந்தபிறகு எதையும் அளக்க வேண்டியிராததால், கையின் பழக்கம் அவருக்கே தெரியாமல் கிடந்தது. அட்டை எழுதிய அன்றும் அந்தக் கைதான் அளந்திருக்கிறது.

கவியா கத்தியால் ஒரு வழி வழித்தாள். நூற்றிருபத்தைந்து. எண்ணெய் குவியாது; அது சரியாகவே விழுந்திருந்தது. மாவிலோ இரண்டு கப்புக்கு எழுபது கிராம் குறைந்திருந்தது. சொன்னபடி செய்தவர்களுடைய கேக்தான் அமுங்கியது.

அவருக்கு மறுபடியும் குமட்டியது. இம்முறை கேக்கைப் பார்த்து அல்ல. சிவப்பு மையில் தன் எழுத்தைப் பார்க்கவே கூசியது.

“போவாத, உக்காரு,” என்றார். “அந்த மூணு பேரையும் கூப்டு. நான்தான் தப்பா அளந்தேன்னு அவுங்க எதிர்லயே சொல்றேன்.”

சொன்னார். ஒருத்தி சிரித்தாள், அதையும் விழுங்கிக்கொண்டார். அட்டையில் மைதாவுக்கு இரண்டு கப்பை அடித்துவிட்டு, இரண்டரைக் கப்பும் ஒரு மேசைக்கரண்டியும் என்று எழுதினார்; சர்க்கரையையும் தலைதட்டி அளந்து திருத்தினார். அன்றிரவே ஐவரும் புதிதாக ஆளுக்கொரு கேக் செய்தார்கள்.

காலையில் தாவீது ஐந்து கேக்குகளையும் வெட்டித் தின்று பார்த்துவிட்டு, வித்தியாசம் தெரியாமல், இவற்றில் பேகம் செய்தது எது என்று கேட்டார். வெள்ளிக்கிழமைக்கு நாற்பது என்று உறுதி செய்துவிட்டுப் போனார்.

அன்றுமுதல் புதிய அட்டை எது எழுதினாலும் கப்பில் அளந்து கொடுப்பவள் கவியாதான். சம்சாத் பேகம் தராசைப் பார்த்து கிராமைக் குறித்துக்கொள்வார், கப்பைத் தொடுவதில்லை.