பாலத்து வாயில் ஒரு சுழல்கேட்

சர்க்கரை ஏறிவிட்டது, நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் நேற்று பூங்காவுக்குப் போனேன். வாசலில் இரும்புச் சுழல்கேட். தள்ளிக்கொண்டு நுழைந்ததும் உள்ளங்கையெல்லாம் துரு வாசனை. அவ்வளவுதான், நடையாவது ஒன்றாவது! மனசு ஜவ்வாதுமலைக்கு ஓடிவிட்டது.

எண்பதுகளின் தொடக்கத்தில் அங்கே எனக்கு நர்ஸ் வேலை. படவேட்டு வயல்காட்டில் வளர்ந்தவளுக்கு மேடு ஏறினாலே மூச்சு வாங்கும். ஜமுனாமரத்தூர் போகிற வழியில் ஒரு காட்டாறு. அதன்மேல் ஆள் நடக்க மட்டும் ஓர் இரும்புப் பாலம். மழைக்காலத்தில் அக்கரை ஊர்க்காரர்களுக்கு வேறு வழி கிடையாது. மாடு ஏறினால் தாங்காது என்று பாலத்து வாயில் சுழல்கேட் வைத்து, யாரும் தாண்டிக் குதிக்காதபடி மேலேயும் கம்பி அடித்திருந்தார்கள். நானே வயிற்றை எக்கிக்கொண்டு ஒருக்களித்துத்தான் நுழைவேன். சாமை மூட்டையோடு பின்னால் நிற்கிற பெண்கள் சிரிப்பார்கள். "பாத்துங்க நர்சம்மா, மாட்டிக்கப் போறீங்க!"

ஓர் ஐப்பசி மழையில் அந்த ஊர் வெள்ளையனின் பெண்சாதி குப்பம்மாவுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை வெளியே வரவில்லை, ரத்தமும் நிற்கவில்லை. கயிற்றுக்கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தார்கள், நானும் கூடவே ஓடிவந்தேன். எதிர்க்கரையில் ஜீப் நின்றது.

கட்டில் கேட்டில் நுழையவில்லை. சாய்த்துப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள். ம்ஹூம். "இன்னா பண்றது நர்சம்மா?" என்று வெள்ளையன் அலறினான். கடைசியில் அவளை எழுப்பி நிறுத்தி, அந்தக் கம்பிகளுக்குள் சுற்றி இழுத்தோம். பாதிப் பாலத்தில், அவன் தோளிலேயே போய்விட்டாள், வயிற்றுப் பிள்ளையோடு.

காரியம் முடிந்த மறுநாள் வெள்ளையன் சம்மட்டியால் கேட்டை அடித்து நொறுக்கினான். அரசாங்கச் சொத்துக்குச் சேதமாம், கேஸ் போட்டார்கள். புதுக் கேட் மட்டும் உடனே வந்தது, பாவிகள்! ஸ்டேஷன் வாசலில் என்னைப் பார்த்ததும் கேட்டான்: "இரும்புக்கு கேஸ் போட்டாங்க நர்சம்மா. அவளுக்கு இன்னா போட்டாங்க?"

வாய்தா வாய்தாவாக அலைந்து புளியமரங்களை விற்றான். பிறகு கேரளாவுக்கு வேலைக்குப் போய்விட்டான்.

இன்று அந்தப் பாலம் இல்லை. கான்கிரீட் பாலத்தில் பஸ் போகிறது. ஆனால் கேட் அதற்கு ரொம்ப முன்னாலேயே போய்விட்டது, கேளுங்கள். யாரோ ஓர் அதிகாரியின் மோட்டார் சைக்கிள் அதில் நுழையவில்லையாம். மறுவாரமே வெல்டிங்காரன் வந்து அறுத்தெடுத்தான். மாட்டைத் தாங்காத பாலம் மோட்டார் சைக்கிளைத் தாங்கியது. வெள்ளையனுக்குச் சொல்லியனுப்பலாம் என்று ஊரெல்லாம் விசாரித்தேன். அவன் எங்கே இருக்கிறான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.