தாக்கத் தவாயும் நோனி ஜூஸும்

மருந்துக் கடைக்காரனிடம் வருகிறவர்களில் பாதிப் பேர், வந்த நோய்க்கு மருந்து கேட்பதில்லை. வராத நோய்க்குக் கேட்பார்கள். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களுக்கு இது புரியும்.

தாகமா, தாக்கத்தா?

எங்கள் தீவு நகரத்தின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் கடை திறந்த புதிது. எனக்கு இந்தி அரைகுறை. பெங்காலிக்காரர் ஒருவர் "தாக்கத் கா தவா" என்றார். வெயிலில் வந்த மனிதர், தாகத்துக்குக் கேட்கிறார் என்று உப்புச் சர்க்கரைப் பொடியைக் கரைத்துக் கொடுத்துவிட்டேன். தாக்கத் என்றால் பலமாம், அவர் கேட்டது பலத்துக்கு மருந்தாம், பக்கத்துக் கடைக்காரர் சொல்லிச் சிரித்தார். மறுநாள் அந்தப் பெங்காலிக்காரர் மறுபடி வந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்தால், நேற்றுக் கொடுத்ததே இன்னொன்று வேண்டுமாம்: "பாய், கல்வாலா தாக்கத், ஏக் ஔர்!"

கிருமி ஓடும் வாசனை

இப்போது தாக்கத் என்றால் எல்லோருக்கும் நோனி ஜூஸ்தான். இந்தத் தீவுகளில் விளைகிற பழம். நாற்றம் மூக்கைத் துளைக்கும். ஹேவ்லாக் தீவு ரிசார்ட்டில் சமையல் வேலை பார்க்கும் மதுரைக்காரர் பாண்டி, எதிர்ப்பு சக்திக்கென்று ஒரு பாட்டில் குடித்து முடித்தார். பலன் தெரிகிறதா என்று கேட்டேன். "இந்த நாத்தத்துக்குக் கிருமி என்ன பாய், பொண்டாட்டியே கிட்ட வர மாட்டேங்குறா!"

சௌல்தாரிக் காய்ச்சல்

அடைமழைக் காலம். சௌல்தாரியில் வயல் வைத்திருக்கும் சுடலையின் மனைவி மாரியம்மாள் வந்து நோனி கேட்டார். கணவருக்குக் காய்ச்சலாம், தினமும் நோனி குடிக்கிற உடம்பு, ஊசி வேண்டாம் என்கிறாராம். வேறென்ன செய்கிறது என்று விசாரித்தேன். "கண்ணு ரத்தமா செவந்து கெடக்கு. கெண்டைக்காலத் தொட விட மாட்டேங்காவ" என்றார். இரண்டும் சேர்ந்தால் சாதாரணக் காய்ச்சல் இல்லை. எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீரில் நின்று வரும் எலிக் காய்ச்சலாக இருந்தால், விட்டுவைத்தால் ஆளையே கொண்டுபோய்விடும்.

எடுத்த பாட்டிலை உள்ளே வைத்துவிட்டு, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "விக்கதும் நீங்கதான், வேண்டாங்கதும் நீங்கதானா?"

நியாயமான கேள்வி. ஷட்டரை இறக்கிவிட்டு நானே அவரோடு ஆட்டோவில் ஏறினேன். சுடலையை வம்படியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். எலிக் காய்ச்சல்தான். இன்னும் தாமதித்திருந்தால் கிட்னி போயிருக்கும் என்றார் டாக்டர். ஊசி மருந்தில் மனிதர் தேறினார்.

நடக்கத் தெம்பு வந்ததும் சுடலை நேரே என் கடைக்கு வந்தார். கையில் ஒரு பை. என் கைகளைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். பிறகு பையை நீட்டினார். "உசிரக் காப்பாத்திட்டிய பாய். இது எங்க மரத்து நோனி. தெனம் பிழிஞ்சு குடிங்க, ஒரு காய்ச்சலும் அண்டாது!"

அல்ஹம்துலில்லாஹ், அந்த அன்புக்காக மூக்கைப் பிடித்துக்கொண்டு தினமும் குடிக்கிறேன், காய்ச்சல் கண்டால் மட்டும் சுடலையைச் சேர்த்த ஆஸ்பத்திரிக்கே ஓடுவேன்.