முழங்காலுக்குப் பின்னால் ஒரு மரு

எனக்கு எழுத்து ஓடாது. ஐந்தாம் வகுப்போடு மறித்துப்போட்டார்கள். ஞாபகமும் இப்போது ஓட்டைப் பை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

ஊரை விட்டு வெளிநாடு வந்து, தொண்ணூறுகளின் நடுவில் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினோராம் மாடியில் இருந்தோம். ஒரு கோடையில் மகன் எங்களை ஈரி ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனான். எல்லாரும் தண்ணீரில் நிற்க, நான் கீரையைக் கண்டு முழங்கால் உயரப் புல்லுக்குள் இறங்கிவிட்டேன். நல்ல கீரை, அதையும் சொல்ல வேணும்.

இரண்டாம் நாள் குளிக்கும்போது வலது முழங்காலுக்குப் பின்னால் ஏதோ கையில் தட்டுப்பட்டது. சின்ன மிளகளவு. நோவில்லை. மரு என்று நினைத்தேன். மருவைத் தலைமயிரால் இறுக்கிக் கட்டிவிட்டால் காய்ந்து விழும். ஆனால் அந்த இடம் எனக்கு எட்டாதே! வெட்கத்தை விட்டு இவரைக் கூப்பிட்டு, என் தலைமயிர் ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தேன். இவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"இஞ்சேரும், உம்மடை மருவுக்குக் கால் இருக்கு."

"பகிடி விடாதையுங்கோ."

"பகிடியில்லை. காலை ஆட்டுது."

உண்ணி! இவர் நெருப்புப் பெட்டியைத் தேடினார். மருமகள் ஓடிவந்து, "மாமா, மாமியையும் சேர்த்துக் கொளுத்தப் போறியளோ?" என்று பறித்தாள். புருவம் பிடுங்குகிற சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து, நேரே இழுத்தெடுத்து, வெறும் மருந்துக் குளிசைப் போத்தலுக்குள் போட்டாள்.

டொக்டருக்குப் போத்தலைக் காட்டினேன். காலைக் காட்டவில்லை. ஆம்பிளை டொக்டர். அவர் சொன்னதை மருமகள் தமிழில் சொன்னாள். அந்தக் கரை உண்ணிகள் சிலதில் லைம் என்றொரு வருத்தம் இருக்குமாம். கடித்த இடத்தில் சிவப்பு வட்டம் பரவினால் உடனே மருந்து எடுக்க வேணுமாம். விட்டால் மூட்டு வீங்குமாம். ஒரு மாதம் நாளும் பார்க்கட்டாம். எனக்குப் பயம் பிடித்தது. கோயிலுக்கும் கடைக்கும் என்னைக் கொண்டுபோகிற வாகனம் இந்த இரண்டு கால்தானே.

மருமகள் விடிய முதலே வேலைக்குப் போய்விடுவாள். ஆகவே அந்தப் பொறுப்பு இவருக்கு. சாமி கும்பிட்டுவிட்டு வந்து, டிக்கெட் பார்க்கிறவர் மாதிரி, "காட்டும்" என்பார். நாற்பது வருடம் குடும்பம் நடத்தியும், நான் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பேன்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. விரலால் அமத்தி, "நோகுதோ?" என்றார். இல்லை என்றேன். அடுத்த நிமிசம், "ஐயோ, வட்டம் வந்திட்டுது! நல்ல சிவப்பு!"

நான் கட்டிலில் இருந்துகொண்டு அழத் தொடங்கினேன். மருமகள் வந்து பார்த்தாள். ஈரத்துணியால் துடைத்தாள். வட்டம் துணியோடு போய்விட்டது.

"மாமா, கையைக் காட்டுங்கோ."

விரல் நுனியில் குங்குமம்.

"காலுக்குப் பொட்டு வைச்ச மனுசன்!" என்றேன். அழுத கண்ணோடே சிரித்தேன்.

மாதம் முடிந்தது. வட்டம் வரவில்லை. "இனிப் போதும்" என்றேன்.

"மாதம் எண்டது முப்பது நாளோ, முப்பத்தொண்டோ? எதுக்கும் நாளைக்கும் பாப்பம்" என்றார் இவர். அடுத்த நாளும் காட்டினேன்.

வலது கால் என்று எழுதியிருக்கிறேன். இடது என்கிறார் இவர். ஒரு மாதம் பார்த்தவர் சொல்லுகிறார், நான் என்ன செய்ய? மருமகளிடம் இந்தத் தாளைக் கொடுக்கிறேன். பிள்ளை, காலும் நாட்கணக்கும் சரியோ என்று ஒருக்கால் பார்த்துத் திருத்திவிடு.