ரசத்தில் உப்பு

எங்கள் வீட்டில் தமிழ் என்பது சட்டை மாதிரி. வெளியே போகும்போது போட்டுக்கொள்வோம். யாராவது வீட்டுக்கு வந்தால் அவசரமாக எடுத்து மாட்டிக்கொள்வோம். நாங்கள் மட்டும் இருக்கும்போது வெற்றுடம்போடு கிடப்பதுபோல சௌராஷ்டிரத்தில் பேசிக்கொண்டு கிடப்போம். ஆள் இருக்கும்போது அவருக்குப் புரியாத பாஷையில் பேசுவது மரியாதை இல்லை என்பது என் அப்பா காலத்திலிருந்தே பழக்கம். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் பாதிப் பேச்சிலேயே பாஷை மாறிவிடும். யாரும் சொல்லித்தருவதில்லை. பேசப் பழகும்போதே பிள்ளைகள் இதையும் பழகிவிடுவார்கள்.

எனக்குப் படிப்பு கிடையாது. கையெழுத்து மட்டும் போடுவேன். இதை நான் எங்கள் பாஷையில் சொல்லச் சொல்ல, என் மருமகள் மத்தியான நேரங்களில் தமிழில் எழுதிக்கொண்டு வருகிறாள். நான் ஒன்றைச் சொல்லப்போய் வேறெங்கோ போய்விடுவேன். அவள்தான் இழுத்துக்கொண்டு வருவாள்.

அவளுடைய ஒரே மகன், என் பேரன், கேட்டரிங் படிக்கிறான். மதுரையிலேயே ஒரு காலேஜ். படிப்பின் நடுவில் சில மாதம் எங்காவது ஓட்டலில் வேலை பார்த்து, அங்கிருந்து சர்டிபிகேட் வாங்கி வர வேண்டுமாம். அது இல்லாவிட்டால் அந்த வருஷமே வீண். காலேஜிலேயே ஏற்பாடு செய்து நாலைந்து பையன்களை மலேசியாவுக்கு அனுப்பினார்கள். என் பேரனுக்குக் கடலோரத்தில் ஒரு பெரிய ஓட்டல் கிடைத்தது. அவன் ஒருவன்தான் அங்கே, மற்றவர்கள் வேறு ஊர்களில். சமையல்கட்டு சூப்பர்வைசர் தமிழ் ஆள், நம்ம தெற்குப் பக்கத்துக்காரர் என்று கேள்விப்பட்டதும் வீட்டில் எல்லோருக்கும் வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது. தெரியாத ஊரில் தெரிந்த பாஷை. வேறென்ன வேண்டும் என்று என் மகனும் சொன்னான், நானும் சொன்னேன்.

போகிற அன்று மருமகள் புளியோதரை கட்டிக்கொடுத்தாள். ஏர்போர்ட்டில் அதை எடுத்துவிடுவார்கள் என்று பேரன் சிரித்தான். வண்டி ரிங் ரோடு தாண்டும்போதே முக்கால்வாசியைத் தின்றுவிட்டான். நல்ல சாப்பாட்டுக்காரன். கையை நக்கிக்கொண்டே எங்கள் பாஷையில் எதையெதையோ பேசிக்கொண்டு வந்தான். வண்டி ஓட்டியவர் வெளி ஆள் என்பதுகூட அன்றைக்கு யாருக்கும் ஞாபகம் இல்லை. மரியாதை கெட்டுப்போன அந்தப் பயணம் இப்போது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

முதல் வாரம் தினமும் பேசினான். எங்கள் பாஷையில்தான். கடல் பச்சையாக இருக்கிறது, ரூமில் நேபாளத்துப் பையன்கள் இருக்கிறார்கள், வெங்காயம் உரித்து உரித்துக் கண் வீங்கிவிட்டது என்று. அப்புறம் போன் நின்றது. வேலை நேரத்தில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள், இனி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் பேசுவான் என்று தகவல் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனை ஸ்பீக்கரில் போட்டுச் சுற்றி உட்கார்ந்தோம். "நல்லா இருக்கீங்களாம்மா? நான் நல்லா இருக்கேன். வேலை பழகிருச்சு," என்றான்.

தமிழில்.

மருமகள் எங்கள் பாஷையில் கேட்டாள். அவன் தமிழில் பதில் சொன்னான். மறுபடி கேட்டாள். மறுபடியும் தமிழ். என் முறை வந்தபோது எனக்கு வாய் குழறியது. தமிழில் நான் அவனைக் கூப்பிட்டதே இல்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், நான் வேலை பார்த்த துணிக்கடைக்கு வருகிற பையன்களைக் கூப்பிடுவதுபோல, "என்ன தம்பி, சாப்பிட்டியா?" என்றேன். "சாப்பிட்டேன் தாத்தா," என்றான். அப்போது அந்தப் பக்கம் இரும்பு மேஜையில் கரண்டியால் தட்டுவதுபோல ரெண்டு தட்டு கேட்டது. "வைக்கிறேன்," என்று வைத்துவிட்டான்.

பெரிய ஓட்டல், ஸ்டைல் வந்துவிட்டது என்று என் மகன் சிரித்தான். மருமகளுக்குக் கொஞ்சம் கோபம். நம் பாஷை கேவலமாகப் போய்விட்டதா துரைக்கு என்றாள். எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது.

நான் வாழ்நாள் பூராவும் மாசி வீதிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற வேலை பார்த்தவன். அங்கே எங்கள் ஆட்கள் நாலைந்து பேர் இருந்தோம். வருகிறவர்களுக்கு முன்னாலேயே எங்கள் பாஷையில் பேசிக்கொள்வோம். வீட்டில் இருக்கிற மரியாதை கடையில் கிடையாது. இந்த அம்மா வாங்காது, மழைக்கு ஒதுங்கியிருக்கிறது என்பான் ஒருத்தன். இந்தாள் மாமியாருக்கு எடுக்கிறான், அழுக்குக் கலராகக் காட்டு என்பான் இன்னொருத்தன். முகத்தில் சிரிப்பு வராமல் பேசுவதில் எங்களுக்குள் போட்டியே உண்டு. முதலாளி எங்கள் ஆள் இல்லை. ஒருநாள் அவருக்குச் சந்தேகம் வந்து, இனிமேல் கடைக்குள் தமிழில்தான் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டார். சொன்னதோடு விடவில்லை. பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து நாங்கள் பேசிய தமிழ் ஒரு தினுசு. அதில் எல்லாமே நன்றாக இருக்கும். பசிக்காது, கால் வலிக்காது, யார் மேலும் வருத்தம் இருக்காது.

என் பேரன் பேசியது அந்தத் தமிழ்.

தெப்பக்குளத்துச் சுவர் ஓரம் சாயங்காலம் நான் போய் உட்காருவேன். காய்கறி வியாபாரம் பார்த்து ஓய்ந்த கூட்டாளி ஒருவர் அங்கே வருவார். மேற்கே விவசாயக் குடும்பத்துக்காரர். அவரிடம் சொன்னேன்.

"ஏ மாப்ள, உன் பேரன் தமிழ் பேசுறான்னு போலீஸ்ல பிராது கொடுப்ப போலிருக்கே," என்றார்.

"பேசட்டும்யா. என்கிட்ட எதுக்குப் பேசுறான்?"

"ஏன், நீ என்கிட்ட பேசலையா?"

"நீ வெளி ஆளு."

சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. வெளி ஆள் இருந்தால் தமிழ். அவன் பக்கத்தில் ஆள் நிற்கிறது. பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. அப்புறம் கூட்டாளி கேலி பண்ணவில்லை.

வீட்டில் வந்து சொன்னேன். வயசானால் இப்படித்தான் தோன்றும் என்றார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் தமிழ்தான். அதே நல்லா இருக்கேன், அதே ரெண்டு தட்டு. ஒரு தடவை வீடியோவில் வரச் சொன்னோம். சிக்னல் இல்லை என்றான்.

இங்கே என் மருமகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு சின்னது. ஆனால் ஆள் வந்துகொண்டே இருப்பார்கள். சொல்லாமல் வந்து, சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்துவிட்டால் சோறு பற்றாது. வந்தவர் முன்னால் அதைச் சொல்ல முடியுமா? எங்கள் பாஷையில் சொன்னால் ஏதோ ரகசியம் என்று வந்தவருக்குச் சங்கடம். அதனால் அவள் அடுப்படியிலிருந்தே தமிழில் குரல் கொடுப்பாள்: "ரசத்துல உப்பு கூடிருச்சு, பாத்து ஊத்திக்கங்க." அதற்கு அர்த்தம், சோறு கம்மி, வீட்டு ஆட்கள் யாரும் ரெண்டாவது தடவை கேட்காதீர்கள் என்பது. நாங்கள் கையைக் கழுவிவிடுவோம். வந்தவர் மட்டும், உப்பெல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்று அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டு சாப்பிடுவார். என் பேரன் சின்னப் பிள்ளையில் அதைக் கேட்டாலே உதட்டைப் பிதுக்குவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேச்சு முடிகிற நேரம். அவன் குரல் கொஞ்சம் வேகமாக வந்தது. "இங்க ரசத்துல உப்பு கூடிருச்சும்மா. தினமும்."

"பரவாயில்லயே, அங்க ரசமெல்லாம் வைக்கிறாங்களா?" என்றாள் மருமகள், சந்தோஷமாக.

ரெண்டு தட்டு. போன் வைத்தாயிற்று.

நான் அவள் முகத்தையே பார்த்தேன். அவள் எழுந்து போய் அரிசி களைய ஆரம்பித்தாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. போய்ப் பார்த்தபோது பானைக்குள் கையை விட்டபடி நின்றுகொண்டிருந்தாள். அவளே உண்டாக்கின பேச்சு. அவளுக்கே காதில் விழவில்லை. இந்த இடத்தை எழுதும்போது பேனாவை வைத்துவிட்டாள். மறுநாள்தான் தொடர்ந்தோம்.

மகன் காலேஜுக்கு ஓடினான். அங்கே நல்ல விதமாகத்தான் பேசினார்களாம். ஓட்டலிலிருந்து நல்ல ரிப்போர்ட் வந்திருக்கிறது, பையன் பாதியில் வந்தால் சர்டிபிகேட் கிடைக்காது, பாஸ்போர்ட் சூப்பர்வைசரிடம் பத்திரமாக இருக்கிறது, கவலைப்படாதீர்கள் என்று. பத்திரமாக இருக்கிறது என்ற சொல்லை அன்றைக்குப் பலமுறை சொன்னான் என் மகன். ஒவ்வொரு தடவையும் குரல் இறங்கிக்கொண்டே போனது. நாம் இங்கே சத்தம் போட்டால் அடி அங்கே விழுமோ என்று கடைசியில் கேட்டான்.

அந்த வாரமே சூப்பர்வைசர் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. காலேஜிலிருந்து யாரோ கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. அவ்வளவு இனிமையான குரல். நம் ஊர்ப் பேச்சு, பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுவதுபோல.

"அண்ணே, பயப்படாதீய. உங்க பையன் எனக்குத் தம்பி மாதிரி," என்றார் என் மகனிடம். "இங்கன ஒரே ஒரு ரூல்தாண்ணே. எனக்குப் புரியாத பாஷையில பயலுக பேசக் கூடாது. அம்புட்டுத்தான்."

மகன் சரி சரி என்றான். வைத்துவிடுவார் என்று நினைத்தோம்.

"ஒண்ணு கேக்கணும்ணே," என்றார். "ரசத்துல உப்புன்னா என்ன? இங்கன நாங்க ரசமே வைக்கிறதில்லையே."

என் மகன் வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தான். மருமகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்தப் பக்கம் அவர் காத்துக்கொண்டிருந்தார். மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பின்னால் பாத்திரங்களின் சத்தம். அதற்குள் எங்கோ என் பேரனும் நின்றிருப்பான்.

நான் போனைக் கையில் வாங்கினேன். "நான் அவன் தாத்தா பேசுறேன். என் மருமக கைக்கு எப்பவும் உப்பு கூடிரும் தம்பி. பய அதச் சொல்லித்தான் அவளை வம்புக்கு இழுப்பான். வீட்டு ஞாபகம் வந்திருக்கும்," என்று சொல்லிச் சிரித்தேன். சேலை விரிக்கும்போது சிரிக்கிற சிரிப்பு. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அது முகத்தில் தானாக வந்து உட்கார்ந்தது.

"அப்படியாய்யா," என்றார். கொஞ்சம் இடைவெளி விட்டு அவரும் சிரித்தார். "பய கெட்டிக்காரன்." பிறகு ரெண்டு தட்டு கேட்டது. அது என் பேரனுக்கான தட்டு என்று அதுவரை நினைத்திருந்தேன். எங்களுக்கும் அதுதான்.

அவர் நம்பினாரா என்று இன்றுவரை தெரியாது. அடுத்த சில ஞாயிற்றுக்கிழமைகள் போன் வரவில்லை. நாங்கள் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மருமகள் அந்த நாட்களில் ரசம் வைப்பதை நிறுத்திவிட்டாள். நாங்கள் முன்பு குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் சாப்பாட்டு நேரத்தில் வந்துவிட்டபோது என்ன சொல்வது என்று தெரியாமல், சோறு இல்லை என்று அவர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். கூப்பிடக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு மறுபடியும் போன் வந்தது. நல்லா இருக்கேன் என்றான். தமிழ். ரசம் பற்றியோ வேறெதைப் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது. அவனுக்குத் தெரிந்த ஒரே சந்து வழியையும் அடைத்துவிட்டார்கள். நாங்களும் கேட்கவில்லை. கேட்டால் இன்னும் எதை அடைப்பார்களோ.

மாதங்கள் முடிந்தன. வந்துவிட்டான். சர்டிபிகேட்டோடுதான் வந்தான். காலேஜில் கை கொடுத்தார்களாம். ஏர்போர்ட்டில் அவனைக் கட்டிக்கொண்டபோது சட்டைக்குள் தோள்பட்டை எலும்பு என் மார்பில் குத்தியது. வண்டியில் மருமகள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்தாள். அவள் எங்கள் பாஷையில் என்னென்னவோ கேட்டுக்கொண்டே வந்தாள். டிரைவர் இருந்தார். அதனால்தான் அவன் தமிழில் பதில் சொல்கிறான் என்று நினைத்தோம்.

வீட்டுக்கு வந்தோம். கதவைச் சாத்தினோம். நாங்கள் நாலு பேர் மட்டும். அவன் தட்டின் முன் உட்கார்ந்து, தலை நிமிராமல் வேகமாகச் சாப்பிட்டான். மருமகள் ரசம் வைத்திருந்தாள். இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா என்று எங்கள் பாஷையில் கேட்டாள்.

"போதும்மா," என்றான் தமிழில். "நல்லா இருக்கு. எல்லாம் சரியா இருக்கு."

அவள் கரண்டியைக் குண்டானின் விளிம்பில் வைத்தாள். லேசான சத்தம்தான். அவன் வாய்க்குக் கொண்டுபோன கை அப்படியே நின்றது. தட்டைத் தள்ளிவிட்டு எழப் பார்த்தான். என் மகன் தோளைத் தொட்டு உட்கார வைத்தான்.

வந்து சில வாரங்கள் ஆகிவிட்டன. பரீட்சைக்குப் படிக்கிறான், வெளியே போகிறான், தெப்பக்குளத்துக்கு என்னோடு நடந்து வருகிறான். எல்லாம் தமிழில்தான். என் கூட்டாளி அவனிடம் பேச்சுக் கொடுத்தால் ஒழுங்காகப் பதில் சொல்கிறான். அவர் அவன் தலைக்கு மேலாக என்னைப் பார்ப்பார்.

நேற்று மத்தியானம் இருவரும் தனியாக இருந்தோம். மருமகள் கடைக்குப் போயிருந்தாள். அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் குழந்தையாக இருந்தபோது கூப்பிட்ட பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, எங்கள் பாஷையில் மெதுவாகக் கேட்டேன். இங்கே யாரப்பா நிற்கிறார்கள், நாம் ரெண்டு பேர்தானே இருக்கிறோம் என்று.

அவன் என் தோளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தான்.

"யாரும் இல்ல தாத்தா," என்றான். தமிழில்.

நான் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். படியில் எங்கள் செருப்புகள் மட்டும்தான் கிடந்தன. வந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டேன். அப்போதும் அவன் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.